வெள்ளைக் கிமோனோவின் மடிப்பு

சவப்பெட்டியைச் சுற்றி நின்று அழுகிறவர்களில் ஒருவர்கூடத் தனக்குச் சொந்தமில்லை என்று, மூடிய கண்களுக்குள் ஃபுமினோ நினைத்துக்கொண்டாள். ஒவ்வொருவராக வந்து அவள் கன்னத்தருகே ஒரு சாமந்திப் பூவை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"கட்! கட்! மறுபடியும் மடிப்பு மாறியிருக்கு!"

பிணம் எழுந்து உட்கார்ந்து தன் மார்பைக் குனிந்து பார்த்தது. வெள்ளைக் கிமோனோவின் இடது பக்கம் மேலே இருந்தது.

டைரக்டர் குஸுமி தலையில் கைவைத்தபடி ஓடிவந்தான். "உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் இடது பக்கம் மேலே வரும். செத்தவங்களுக்கு வலது பக்கம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்! பூ வைக்க ஆரம்பிக்கும்போது வலது, முடியும்போது இடது. பார்க்கிறவன் சிரிக்கமாட்டானா?"

"நகைச்சுவைப் படம்தானே, டைரக்டர்?" என்றான் உதவியாளன் நான்பு.

"நாம சிரிக்கச் சொல்ற இடத்துல சிரிக்கணும்டா!"

அழ வந்தவர்கள் கைக்குட்டைகளோடு தாழ்வாரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கறுப்பு உடை, எல்லாருக்கும் முகக்கவசம். ஃபுமினோவின் படத்தை வலைத்தளத்தில் போட்டு, 'இவருக்காக அழ ஆட்கள் தேவை, சம்பளம் இல்லை, மதியச் சாப்பாடு உண்டு' என்று நான்பு எழுதியதைப் பார்த்து வந்தவர்கள்.

குஸுமி பெட்டியின் ஓரத்தில் குந்தினான். "உண்மையச் சொல்லு ஃபுமினோ. சாவு உடைன்னு பயந்து நீயே மாத்திக்கிறியா?"

"நான் விரலைக்கூட அசைக்கல."

"அப்ப பேய் வந்து மாத்துதா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பொம்மையைப் படுக்க வெச்சு எடுத்துடுவேன். நாலு மணிக்கு இந்தப் புத்தர் கோவிலுக்கு நிஜச் சாவு வருது. அதுக்குள்ள மண்டபத்தைக் காலி பண்ணணும்."

பொம்மை படுத்தால் பொம்மைக்குப் பெயர் போடமாட்டார்கள்; அவளுக்கும் போடமாட்டார்கள். இத்தனை வருடம் டோக்கியோவில் அவள் தெருவைக் கடக்கிறவளாக, ரயிலில் தூங்குகிறவளாக, உணவகத்தில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறவளாகத்தான் நடித்திருக்கிறாள். இந்தப் படத்தில் வசனம் இல்லை, மூச்சுகூட இல்லை. ஆனால் கடைசியில் திரையில் அவள் பெயர் வரும்.

வந்தால் யாரிடம் சொல்வது என்பது வேறு விஷயம். 'நடிகையாகப் போறேன்னா, எனக்கு நீ செத்தவதான்' என்று வீட்டை விட்டுக் கிளம்பிய அன்றே அம்மா முடித்துவிட்டாள். அதன்பின் போனும் இல்லை, புத்தாண்டு அட்டையும் இல்லை. இந்த வேடத்துக்கு மட்டும் ஒத்திகை தேவைப்படவில்லை என்று ஃபுமினோ காலையில் சொன்னபோது, எல்லாரும் அதை நல்ல நகைச்சுவை என்று சிரித்தார்கள்.

மதியம் மற்றவர்கள் தாழ்வாரத்தில் கூடிச் சாப்பிட்டார்கள். முகத்துப் பவுடர் கலையக்கூடாது என்பதால் அவள் பெட்டிக்குள்ளேயே தனியாக உட்கார்ந்திருந்தாள். அழ வந்த இடத்தில் சமையலுக்கும் கைகொடுத்த பெண்களில் யாரோ ஒரு சோற்றுருண்டையைக் கொடுத்தனுப்பியதாக நான்பு கொண்டுவந்து தந்தான்.

எல்லாருடைய உருண்டையிலும் நடுவில் ஊறுகாய்ப் பிளம் பழம் சிவப்பாகத் தெரிந்தது. அவளுடையதில் அதைத் தோண்டி எடுத்துவிட்டு மறுபடி உருட்டியிருந்தார்கள்; சோற்றில் இளஞ்சிவப்புக் கறை மட்டும் மிச்சமிருந்தது. பிணத்துக்குப் போய்ப் பிளம் எதற்கு என்று மிச்சம் பிடித்துவிட்டார்கள் போல. அவளுக்கு அந்தப் புளிப்பு எப்போதுமே ஆகாது. நல்லதாகப் போயிற்று என்று சாப்பிட்டாள்.

"எல்லாரும் வாங்க! இதுதான் கடைசி!"

நான்பு மடிப்பைச் சரிசெய்து, வலது பக்கத்தை மேலே போட்டு இறுக்கினான். ஃபுமினோ படுத்தாள். கண்களை மூடினாள். காலடிகள் வந்தன, பூக்கள் விழுந்தன, விசும்பல்கள் எழுந்தன.

அப்போது பூக்களுக்கு அடியில் ஒரு கை நுழைந்தது.

குளிர்ந்த விரல்கள். அவசரமே இல்லாமல் வலது பக்கத்தை விலக்கி, இடது பக்கத்தை மேலே கொண்டுவந்து போர்த்தின. சுருக்கம் போக உள்ளங்கையால் இரண்டு முறை நீவிவிட்டன.

ஓ, நீதானா அந்தப் பேய்! அசைந்தால் காட்சி கெடும். அசையாவிட்டால் அவள் இடத்தில் பொம்மை படுக்கும். ஃபுமினோ அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

மண்டபமே அலறியது. அழுதுகொண்டிருந்த ஒருவர் நிஜமாகவே கால் தடுக்கி விழுந்தார். "கட்!" என்று கத்தியபடி குஸுமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான்.

ஃபுமினோ கண்ணைத் திறந்தாள். விளக்கு வெளிச்சம் கூசியது. குனிந்திருந்த ஒரு நரைத்த தலையும், முகக்கவசமும் மட்டும்தான் தெரிந்தன. பிடிபட்ட கை உதறிக்கொண்டு போகாமல் அவள் பிடிக்குள் அப்படியே இருந்தது.

"நீங்கதானா? காலையிலேருந்து நீங்கதானா?" குஸுமிக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. "ஏன் பெரியம்மா, செத்தவங்களுக்கு வலது பக்கம்தான் மேலே வரணும்னு உங்க வயசுல தெரியாதா?"

அந்தப் பெண் அவனைப் பார்க்கவில்லை. ஃபுமினோவைப் பார்த்தபடியே இன்னொரு கையால் முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள்.

"தெரியும். ஆனா என் பொண்ணு சாகலையே."