பிசுக்கு ஒட்டாதது

சூப்பர் மார்க்கெட்டில், ஆண்களுக்கான முடிப்பூச்சு அலமாரி முன்னால் கணவன் நிற்கிறான். கல்யாணமான நாளிலிருந்து தலையைக் கையாலேயே கோதிக்கொண்டு வேலைக்குப் போனவன், இன்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்கிறான். தள்ளுவண்டியைப் பிடித்தபடி மனைவி, சோப்பு விலையைப் பார்ப்பதுபோல அவனையே பார்க்கிறாள். “ஜெல் போட்டா விறைச்சு நிக்கும் சார். உங்களுக்கு மெலிசான முடி, இந்த ஹேர் கிளே அடர்த்தியாக் காட்டும்,” என்கிறாள் கடைப்பெண். அவன் விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து முன்முடியில் தடவி, அலமாரிக் கண்ணாடியில் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்க்கிறான். உதட்டோரம் ஒரு சிரிப்பு; மனைவி பார்த்தறியாத சிரிப்பு. “என்னங்க, திடீர்னு மாப்பிள்ளைக் களை?” என்று கேலியாகக் கேட்கிறாள். “ஆபீஸ்ல எல்லாரும் போடறாங்க,” என்கிறான், திரும்பாமலே. மேல்தட்டை அண்ணாந்து பார்த்தவன் வழக்கம்போலப் பிடரியைப் பிடித்துக்கொள்கிறான். பாழாய்ப்போன கழுத்து வலி. டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் அவன் தலையணையே வைப்பதில்லை, வெறும் மெத்தையில்தான் படுக்கிறான். கட்டிலில் கிடப்பது அவளுடைய தலையணை மட்டும். கடைப்பெண் இரண்டு டப்பாக்களை நீட்டுகிறாள். அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இதுல தலையணையில ஒட்டாதது எது?” என்கிறான். கடைப்பெண்ணின் முகம் மலர்கிறது. “குடுத்து வெச்சவங்க மேடம் நீங்க. உறை துவைக்கிற கஷ்டம்கூட சாருக்குத் தெரியுது!” கண்ணாடிக்குள் அவன் சிரிப்பு அப்படியே நிற்கிறது, கண்கள் மட்டும் மெல்ல மனைவியின் பக்கம் வருகின்றன.