ஏசி அறை

“கௌரியக்கா, உங்கட தம்பி கொழும்புக்கு வந்திட்டாராமே! மரைன் டிரைவில ஒரு வான் வண்டிக்குள்ள குடியிருக்கினம். புருசனும் பெண்சாதியும் துவாய் காயப்போட்டிருக்கினம், நான் என்ர கண்ணால கண்டனான்.”

மூன்றாம் மாடிச் சுபோதினி இதைச் சொன்னபோது லிப்டில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் கௌரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கௌரியின் மானம் கப்பலேறிவிட்டது. கொழும்பில் கப்பலுக்கா பஞ்சம்?

கனடாவிலிருந்து வருகிறவர்கள் வெள்ளவத்தையில் யார் வீட்டில் தங்குகிறார்கள் என்பது சின்ன விஷயமல்ல. ஒன்பது வருடத்துக்கு முன் தம்பி ரமணனும் மனைவி வதனியும் வந்து நாலு கிழமை கௌரி வீட்டில் தங்கினார்கள். அந்தப் பெருமையை அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. “ஏசி அறையை அவைக்குக் குடுத்திட்டம். எங்களுக்கு ஏசி ஒத்துவராது, பின்னறையிலதான் நித்திரை வரும்” என்பாள்.

இப்போது அதே தம்பி கட்டிலும் அடுப்பும் வைத்த ஒரு காம்பர்வானை வாடகைக்கு எடுத்து, கற்பிட்டி, சிலாபம், நீர்கொழும்பு என்று கரையோரமாகவே வந்து, நேற்றுக் கொட்டாஞ்சேனையில் நின்று துறைமுகமும் பார்த்துவிட்டு, அக்கா வீட்டுக்கு முந்நூறு மீட்டர் தள்ளி வானுக்குள் படுத்திருக்கிறான்!

வீட்டில் ஏசி அறை ஒரு கிழமையாகத் தயார். கட்டிலுக்குப் புது விரிப்பும் போட்டாயிற்று. கணவர் பரமலிங்கம் இடுப்புப் பட்டியோடு குனிந்து, பல்கனியில் இரண்டு பாய்களை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தார்.

“அதுகளைச் சுருட்டி வையுங்கோ. துரைமாருக்கு எங்கட வீடு காணாதாம்.”

“என்ன ஏதெண்டு கேட்டுப்போட்டுக் கோவியும்.”

“கேக்கத்தான் போறன். எல்லாம் அந்த வதனியின்ர வேலை. அங்க மூண்டு பாத்ரூம், இஞ்ச ஒண்டு. மகாராணிக்கு ஒத்துவருமே?”

கோபம் வேறு, சாப்பாடு வேறு. இடியப்பமும் சொதியும் கட்டி எடுத்துக்கொண்டுதான் சண்டைக்குப் போனாள். பரமலிங்கம் பின்னால் மெல்ல நடந்தார்.

வான் கதவு திறந்திருந்தது. ரமணன் இடுப்பில் கட்டிய சாரத்தோடு துள்ளி இறங்கினான்.

“அக்கா! அத்தான்! உள்ள வந்து பாருங்கோ. இது மேசை. இப்பிடி இழுத்துவிட்டால் கட்டில். இது அடுப்பு...”

“உன்ர அடுப்பைப் பாக்க நான் வரேல்லை.” கௌரி சாப்பாட்டுப் பையை வதனியின் கையில் திணித்தாள். “சனம் என்ன கதைக்குதெண்டு தெரியுமே? கௌரி வீட்டுக்குள்ள விடேல்லையாம், தம்பி றோட்டில கிடக்கிறானாம்!”

“மூண்டு நேரமும் உங்கட வீட்டிலதான் சாப்பாடு, அக்கா. படுக்க மட்டும் இஞ்ச.”

“ஏன்? என்ர கட்டில்ல முள்ளோ? ரெண்டு அறை இருக்கடா. உங்களுக்கொண்டு, எங்களுக்கொண்டு.”

பரமலிங்கம் இருமினார்.

“இஞ்சேரும் வதனி, எங்கட வீடு உமக்குப் பிடிக்கேல்லையெண்டால் என்ர முகத்துக்கு நேர சொல்லும்.”

ரமணன் ஏதோ சொல்லி மழுப்பப் பார்த்தான். வதனி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“போன முறை ஒருநாள் விடியப்புறம் தண்ணி குடிக்க எழும்பினனான், மச்சாள். குசினியில கால் வைக்க இடமில்லை. கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில நீங்கள், பிரிட்ஜடியில பரமண்ணை. ரெண்டு பேரும் வெறும் பாயில.”

“அண்டைக்குப் பின்னறையில புழுக்கம்” என்றாள் கௌரி.

“பிறகு உங்கட பின்னறையை எட்டிப் பாத்தனான். பழைய சைக்கிளும் அரிசி மூட்டையும்தான் கிடந்தது. பரமண்ணைக்கு இடுப்புப் பிடிச்சது அந்தக் கிழமைதானே? பஸ்ஸில சறுக்கினதெண்டு சொன்னியள்.”

பரமலிங்கம் கடலைப் பார்த்தார்.

“அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டாள் கௌரி.

“சொன்னால் அக்கா வெக்கப்படுவா எண்டு இவர்தான் மறிச்சவர். ஒன்பது வருஷமா நாங்கள் வராமல் விட்டது காசு இல்லாமலே, மச்சாள்? உங்களைக் குசினியில படுக்க வைக்காமல் வந்து நிக்க ஒரு வழி தெரியேல்லை. இப்பதான் இந்த வான் ஆப்பிட்டுது.”

கௌரி வான் படியில் பொத்தென்று இருந்துவிட்டாள். மகாராணி என்று திட்டிய வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள்.

“போதும், அழுகையை நிப்பாட்டுங்கோ” என்றான் ரமணன். “நாளைக்குக் காலி, மாத்தறை, அப்பிடியே சுத்தித் திருகோணமலை. நாலு பேருக்கும் இடம் இருக்கு. ரெண்டு உடுப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ. சனத்துக்கு நான் பதில் சொல்லுறன்.”

கௌரி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். மூக்குறிஞ்சினாலும் கணக்குப் பார்க்கத் தவறவில்லை.

“ஒரு கட்டில்தானே கிடக்கு?”

“ஓம். அது உங்களுக்கும் பரமண்ணைக்கும்” என்றாள் வதனி.

“அப்ப நீங்கள்?”

வதனி கண் இமைக்காமல் சொன்னாள்: “எங்களுக்குக் கட்டில் ஒத்துவராது, மச்சாள். கீழ படுத்தால்தான் நித்திரை வரும்.”