வாங்கவிடாத வாய்கள்

"தம்பி, அதால மானைச் சுட்டா, மான் திரும்பிப் பார்த்து, 'யாருப்பா முதுகு சொறிஞ்சது?'ன்னு கேக்கும்."

ஓர்வில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. கையில் காபி. அதுவும் கடைக் காபி.

கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் மார்லிஸுக்குச் சுர்ரென்றது. நேற்றுதான் இதே துப்பாக்கிக்காக ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் சண்டை போட்டார் இந்த மனுஷர். மானுக்கு இதை விட்டால் வேறு துப்பாக்கியே கிடையாது, வாத்தியாருடையது எதற்கும் உதவாது என்று அரை மணி நேரம். இன்றைக்கு அது முதுகு சொறிகிறதாம்.

மொன்டானாவில், அந்தச் சின்ன ஊருக்கு ஒரே துப்பாக்கிக் கடை அது. கோடையில்தான் மார்லிஸ் அதை விலைக்கு வாங்கினாள். கணப்பு அடுப்போடும் சுவரில் தொங்கிய மான் கொம்புகளோடும் இந்த இரண்டு கிழவர்களும் சேர்ந்தே வந்தார்கள். ஓர்வில் ஒருவர், டெல் ஒருவர். மத்தியானம் வந்து உட்கார்ந்தால் கடை சாத்தும்வரை நகர மாட்டார்கள். வேட்டை சீசன் பிறந்து மூன்று வாரம் ஆகிறது, இரண்டு பேரும் ஒரு பெட்டி தோட்டா வாங்கியதில்லை.

வாங்க வந்த பையன் பெயர் கோல்பி. பத்தொன்பது வயது, சட்டப்படி வாங்கலாம். போனில் அரசாங்கத்திடம் விசாரித்தாயிற்று, அவன் பெயரில் ஒரு குற்றமும் இல்லை என்று பதிலும் வந்தாயிற்று. எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

"சரி, அப்ப வேற குடுங்க" என்றான் கோல்பி.

மார்லிஸ் இன்னொன்றை எடுத்து வைத்தாள்.

"எந்தப் பக்கம் வேட்டை?" இப்போது டெல் ஆரம்பித்தார்.

"ஆத்தோரம்."

"ஆத்தோரம் பூரா புதராச்சே. இவ்வளவு நீளக் குழலைத் தூக்கிட்டுப் போனா, நீ இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள மான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கும்."

"சரி. கட்டையா இருக்கறதே குடுங்க."

"யோவ் டெல், கட்டைத் துப்பாக்கில என்னய்யா இருக்கு? எட்டி நிக்கற மானை எப்படி அடிப்பான்?"

"எட்டி நின்னா கிட்டப் போய் அடிக்கணும். உன்னை மாதிரி நாற்காலிலயா உக்காந்திருக்கப் போறான்?"

"பெரியவங்களே, வாங்கப் போறது அவரு" என்றாள் மார்லிஸ்.

காதில் விழுந்தால்தானே. ஒருவர் மாற்றி ஒருவராக நாற்பது நிமிஷம் ஓடியது. ஐந்து துப்பாக்கி இறங்கி ஐந்தும் திரும்ப ஏறின. மார்லிஸின் அப்பா வருஷா வருஷம் வீட்டுக்கு மான் கறி கொண்டுவந்த அதே ரகத்தைக்கூட, "இதெல்லாம் முயலுக்குத்தான்" என்று டெல் கூசாமல் சொன்னார். கோல்பி அதற்கும் தலையாட்டினான்.

கடைசியில் ஓர்வில் எழுந்து சட்டைப்பையில் கார் சாவியைத் தேடினார்.

"தம்பி, இதெல்லாம் ஒரு நாள்ல முடிவு பண்ற விஷயமில்ல. எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணு. மேய்ச்சல் வேலியில கம்பி இழுக்கணும், ஒத்தை ஆளா முடியல. ராத்திரி எங்க வீட்லயே சாப்பிடு. என் பொண்டாட்டிக்கு ரெண்டு பேருக்கு மட்டும் சமைக்கத் தெரியாது, எப்பவும் மீந்துதான் போகும்."

கோல்பி தரையைப் பார்த்தபடியே அதற்கும், "சரி" என்றான்.

இருவரும் வெளியே போனார்கள். வண்டி கிளம்பும் சத்தம் அடங்கும்வரை மார்லிஸ் பொறுத்தாள்.

"டெல், நாளையிலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் வேற இடம் பாத்துக்கங்க. கையில வந்த வியாபாரத்தை வாயாலயே கெடுத்துட்டீங்க. இது கடை, உங்க அரட்டை மடமில்ல."

டெல் கோபப்படவில்லை. காபிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

"நேத்து அந்த வாத்தியாரு என்னென்ன சொல்லித் திட்டினாருன்னு கேட்டியாம்மா?"

"கேட்டேன். உங்களுக்கு அது வேணும்தான்."

"அவன் வேட்டைக்காரன். இந்த ஊர்ல எவன் துப்பாக்கியைக் குறை சொன்னாலும் அடிக்க வருவான். எங்க அப்பன் சுட்டதும்பான், எங்க தாத்தன் சுட்டதும்பான். இந்தப் பையன் என்ன பண்ணான்? அஞ்சு துப்பாக்கி காட்டினே, அஞ்சும் சரின்னான். எதைக் குடுத்தாலும் போதும்னு நிக்கறவன் மானைத் தேடிப் போறவன் இல்லம்மா."

மார்லிஸ் கவுன்ட்டர் மேல் கிடந்த ரசீதுப் புத்தகத்தை மெல்ல மூடினாள்.

"அப்ப வேலி?"

"அது நல்லாத்தான் இருக்கு. ஓர்வில் அவனை வச்சு நாலு கம்பியைக் கழட்டி மறுபடி மாட்டுவாரு. நடுவுல நேராவே கேட்டுருவாரு, என்னப்பா மனசுலன்னு. தேவைப்பட்டா டாக்டரம்மா வீட்டுக்கே கூட்டிட்டுப் போவாரு. இதுக்கு முன்னால ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போயிருக்காரு. ரெண்டு பேரும் இப்ப நல்லா இருக்காங்க."

"பாத்த உடனே அவருக்கு எப்படித் தெரியுது?"

டெல் கோட்டை மாட்டிக்கொண்டு கதவுவரை போய்விட்டார். அங்கிருந்தே சொன்னார்:

"அவரோட மகனும் இப்படித்தான், சாகறதுக்கு முந்தின நாள் டவுன்ல பெரிய கடைக்குப் போனான்மா. அங்க இப்படித் தொணதொணக்க ஒரு கிழவனும் இல்ல. பத்தே நிமிஷத்துல, துணியைப் போட்டுத் துடைச்சு, கையில குடுத்து அனுப்பிட்டாங்க."