அட்டைப் படத்தில் நின்ற பிள்ளை

வீடு வீடாகப் போய் விற்பவர்கள் படம் ஒட்டிய அனுமதி அட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும் என்று பிரதேச சபை சட்டம் போட்டது. கற்பிட்டியில் பெட்சீட் விற்கும் யூஜீனியா அன்றுதான் முதன்முதலாக அதை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

முதல் வீட்டுக்காரி அட்டையை உற்றுப் பார்த்தாள்.

"படத்தில பக்கத்தில நிக்கிறது உங்கட மகளா?"

யூஜீனியா குனிந்து பார்த்தாள். படத்தில் அவள் மட்டுமே இருந்தாள். கலியாணம் முடித்து எத்தனையோ வருடங்கள் போயும் அவளுக்குப் பிள்ளை இல்லை.

அடுத்த வீட்டிலும் அதையே கேட்டார்கள். அதற்கடுத்த வீட்டில், "முன்பல்லு விழுந்தும் என்ன வடிவாச் சிரிக்கிறா!" என்றார்கள். அவளுக்குப் பயம் வரவில்லை. இன்னும் என்ன சொல்வார்கள் என்று கேட்கும் ஆவலில் ஒரு வீட்டையும் விடாமல் ஏறி இறங்கினாள்.

கடைசி வீட்டில் றஹ்மத் உம்மா ஒரு பெட்சீட்டை வாங்கிவிட்டு, இரண்டு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"எனக்கு ஒண்டு காணும், உம்மா."

"மத்தது புள்ளைக்கு. நீங்க வந்ததில இருந்து கேற்றடியில நிக்கிறா. வெக்கம் போல. கூப்பிடுங்களேன்."

யூஜீனியா திரும்பவில்லை. இரண்டாவது கோப்பையைத் தன் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். பிறகு, பிள்ளை பிறந்தால் வைப்பதற்கென்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பெயரைச் சொல்லி மெல்லக் கூப்பிட்டாள்.

"அனுஷ்கா, வா மகள். தேத்தண்ணி ஆறுது."

அவளுக்குப் பின்னால் கேற்றின் கொளுக்கி கழன்றது.