குடித்தனக்காரர்களோடு சேர்த்து

தம்பிக்காரன் மாடிப்படியில் உருண்டு வந்து பாதியில் நின்றபோது நெற்றி பிளந்திருந்தது. ரத்தம் காதோரமாக இறங்கிச் சட்டைக் காலருக்குள் போய்க்கொண்டிருந்தது. மேலே இரும்புக் குழாயோடு நின்ற அண்ணன்காரன், "எந்திரிடா, இன்னும் முடியல" என்றான்.

வீட்டை விலைக்குப் பார்க்க வந்த மருந்துக் கடைக்காரரும் அவர் மனைவியும் ஏறியதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கினார்கள். அந்த அம்மாவின் ஒற்றைச் செருப்பு படியிலேயே கிடந்தது. திரும்பி வந்து கேட்காத அளவுக்கு அவருக்கு உயிர் மேல் ஆசை இருந்தது.

எதிர் சலூனில் பாதிக் கன்னத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்த சதுரஅடி, ஐயோ பாவம் என்றார். வாய்தான் அப்படிச் சொன்னது. கண்ணாடியில் தெரிந்ததோ பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்த முகம்.

சதுரஅடி என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. துக்க வீட்டுக்குப் போனாலும் கூடத்தைக் காலால் அளந்து, எத்தனை போர்ஷன் பிரிக்கலாம், என்ன வாடகை வரும் என்று முடிவு செய்த பிறகுதான் அவருக்கு அழுகை வரும். அப்படி அளந்து அளந்தே ஒன்பது வாடகை வீடுகள் சேர்த்துவிட்டார். பத்தாவதாக இந்த மாடி வீட்டின் மேல் கண் விழுந்தது. வீட்டுக்காரம்மா சொன்ன விலைதான் எட்டவில்லை.

எட்டாத விலையை எட்டுகிற உயரத்துக்கு இறக்கத்தான் அந்த அடி. மாடியில் எட்டு மாதமாகக் குடியிருந்த வெல்டர் அண்ணன் தம்பியைத் தனியாகப் பிடித்து, வீடு பார்க்க எவன் வந்தாலும் அவன் கண்ணெதிரே அடித்துக்கொள்ள வேண்டும், கூலி தன் பொறுப்பு என்று பேசி வைத்திருந்தார். பொய்யடி கூடாது, வாங்க வருகிறவன் ஒன்றும் மடையன் இல்லை என்றும் எச்சரித்திருந்தார். உள்ளே சாமான்கள் இருக்கின்றன, படியிலேயே அடித்துக்கொள்கிறோம் என்றார்கள். அவருக்கென்ன, எங்கே அடித்தாலும் ரத்தம் ஒரே நிறம்தானே.

முதலில் வந்த லாரி முதலாளி எதிரில் அண்ணனுக்குப் பல் ஒன்று போனது. அடுத்து வந்த தலைமையாசிரியர் விலக்கிவிடப் போய், முழங்கையை முறித்துக்கொண்டு திரும்பினார். கூலிக்கு ஆரம்பித்த அடிதான். ஆனால் கூடப் பிறந்தவர்களுக்குள் பழைய பகை இல்லாமல் இருக்குமா? அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ எங்கேடா போயிருந்தாய் என்று கேட்டுக் கேட்டு அண்ணன் உதைத்த உதை எந்தக் கூலியிலும் சேராது.

வீட்டுக்காரம்மா ஒவ்வொரு தடவையும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, ஒரு வாளித் தண்ணீரோடு வந்து படியைக் கழுவுவார். போலீசுக்குப் போகச் சொல்லித் தெருவே புத்தி சொன்னது. "குடும்ப விஷயத்துக்கு எதுக்கு போலீசு?" என்று விளக்குமாற்றை உதறிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆள் வரத்து அடியோடு நின்றதும், சதுரஅடி தானே வீடு பார்க்கப் போனார். வீட்டுக்காரம்மா இருந்த கீழ்வீட்டுச் சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மாடிக்கு மூன்று படி ஏறுவதற்குள், தம்பிக்காரன் அண்ணன் கழுத்தில் சைக்கிள் செயினைச் சுற்றித் தரதரவென்று இழுத்து வந்தான். செயின் நுனி சதுரஅடியின் புருவத்தைக் கிழித்தது.

சொல்லாமலே வேலை செய்கிறான்களே என்று மனிதருக்குப் பூரிப்பு. புருவத்தைக் கைக்குட்டையால் அமுக்கிக்கொண்டு, நின்ற படியிலேயே பேரத்தை ஆரம்பித்தார்.

"இந்த ரெண்டு ராட்சசனுங்களோட சேத்து எவன்மா வாங்குவான்?"

"நீங்கதான் மனசு வைக்கணும்ணே" என்று வீட்டுக்காரம்மா மூக்கை உறிஞ்சினார்.

பாதி விலைக்கு முடிந்தது. அந்தப் பாதிக்கே ஒன்பதில் நான்கு வீடுகளை விற்று, மனைவி நகையையும் கழற்றி வாங்கினார். மாடியைப் பார்த்தீர்களா என்று அந்தப் புண்ணியவதி கேட்டதற்கு, "மாடியைப் பாத்த காயம்தான் இது" என்று புருவத்தைக் காட்டினாராம்.

பத்திரம் பதிந்த மறுநாள் காலை, டேப்போடு மாடி ஏறினார். அடித்தது போதும், காலி பண்ணுங்கள், இதை மூன்றாகப் பிரிக்கப் போகிறேன் என்று அறிவித்தார். அவர்களோ ஏற்கெனவே மூட்டை கட்டிவிட்டிருந்தார்கள். கீழே டெம்போவில் வீட்டுக்காரம்மாவின் தையல் மெஷின் பக்கத்திலேயே அவர்கள் பெட்டியும் ஏறிக்கொண்டிருந்தது.

பின்னறையின் நட்டநடுவில், கூரையை முட்டிக்கொண்டு ஓர் இரும்பு அலமாரி நின்றது. டேப்புக்கு இடைஞ்சல். சதுரஅடி தோள் கொடுத்துத் தள்ளப் போனார்.

அண்ணன்காரன் பாய்ந்து வந்து விலாவில் விட்ட உதையில், புது முதலாளி சுவரில் மோதிச் சுருண்டார். உள்ளே ஏதோ எலும்பு நறுக்கென்றது. மல்லாந்தபடியே மேலே பார்த்தார். அலமாரியின் தலையில் ஒரு தண்டவாளத் துண்டு வெல்டிங் வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல், கை நுழையும் அளவுக்கு வெடித்த உத்தரம் உட்கார்ந்திருந்தது.

"அதைத் தொட்டா கூரை இறங்கிடும் சார்" என்றான் அண்ணன்காரன், மூச்சு வாங்க.

சதுரஅடி விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "இது அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

தம்பிக்காரன் கடைசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

"அலமாரியை அங்க வைக்கச் சொன்னதே எங்க அக்காதான் சார்."