நேற்றைய தாள்

புது வருடத்தின் முதல் காலை. சிந்தாதிரிப்பேட்டை வீட்டு ஜன்னல் வெயில் மேஜைமேல் விழுந்திருக்கிறது. எழுபத்தாறு வயது எழுத்தாளர் அப்துல் சமத், போன வருடம் இறந்துபோன தம்பியைப் பற்றி எழுதி முடித்துப் பேனாவை மூடுகிறார். டீ கொண்டுவரும் மனைவி நஸ்ருன்னிசா தாளைப் பார்த்து நின்றுவிடுகிறாள். “இதைத்தான் நேத்தே எழுதிட்டீங்களே! எனக்குப் படிச்சுக்கூடக் காட்டினீங்க.” “நானா?” அவள் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டுகிறாள். அவர் கையெழுத்தேதான். முதல் வரிகூட அப்படியே இருக்கிறது. எழுதிய ஞாபகம் துளியும் இல்லை. கீழே தெருவில் யாரோ உரக்க வாழ்த்துச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். “வயசாச்சுல்ல, மறதிதான்” என்கிறாள், அவர் முகத்தைப் பார்க்காமல். அவர் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொள்கிறார். “வேற என்னல்லாம் மறந்திருக்கேன், நஸ்ரு?” அவள் பக்கத்தில் உட்காருகிறாள். இன்னொரு கையை அவர் கைமேல் வைக்கிறாள்.