லேசான வேலை

“கழுத்து வலிக்குதா, இல்ல வேலை செய்யத்தான் வலிக்குதாடி, மொலிகா?”

நான்கு மாதம் கழித்துத் தையல் ஆலைக்குத் திரும்பிய அன்று, எங்கள் வரிசையின் மேற்பார்வையாளர் குந்தியா அக்கா கேட்டது இது. வரிசையே சிரித்தது.

எனக்குப் பதில்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் வரும்.

எங்களை நிற்க வைத்து ஏற்றிவரும் லாரி, கம்போடியாவின் கம்போங் ஸ்பூ சாலையில் கவிழ்ந்ததில் என் கழுத்தெலும்பு விரிசல் விட்டிருந்தது. தலை குனிந்து வேலை செய்யக் கூடாது, லேசான வேலை தரவும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மீறினால் வலது கை மரத்தே போய்விடும் என்று வாயால் சொன்னார்.

குந்தியா அக்கா அந்தக் கடிதத்தில் ‘லேசான’ என்பதை மட்டும் படித்தாள். நூல் வெட்டும் கத்தரியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

“தூக்கிப் பாரு. இதவிட லேசான வேலை இந்தக் கம்பெனில இருக்கா? வலிச்சா நம்ம நாட்டு வைத்தியம் இருக்குல்ல, காசால தோலைச் சுரண்டி விட்டுக்க.”

முக்காலி. குனிந்த தலை. ஒரு சட்டைக்குப் பதினான்கு நூல்முனை.

குனிந்தால் தலை எவ்வளவு கனம் என்று குந்தியா அக்காவுக்குத் தெரிய, அவள் கழுத்துக்கு மேலே ஏதாவது இருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள், சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காக ஓர் ஆய்வாளர் வந்தாள். எங்கள் நாட்டு ஆள்தான், புனோம்பென்காரி. அதற்குப் பத்து நிமிடம் முன்பு மேலாளரின் சாய்வு நாற்காலி எனக்கு வந்தது. மேசை உயர, அதன் கால்களுக்கு அடியில் செங்கல் வந்தது. விலைச்சீட்டு பிய்க்காத கழுத்துப்பட்டையும் வந்தது.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது சுகமாக இருந்ததுதான் அவமானம்.

“நல்லா பாத்துக்கிறாங்களா தங்கச்சி? எதுன்னாலும் எங்கிட்ட சொல்லு, பயப்படாத.”

குந்தியா அக்கா அவளுக்குப் பின்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஆய்வாளர் என் மௌனத்தை ‘ஆம்’ என்று எழுதி, படமெடுத்துக்கொண்டு போனாள்.

நாற்காலி போனது. செங்கல் போனது. பட்டையை விலைச்சீட்டு கிழியாமல் அவிழ்த்தாள் குந்தியா அக்கா.

ஆறாவது சட்டையில் விரல்கள் மரத்தன. கத்தரி கீழே விழுந்தது.

தலையைத் தூக்கினேன். எதிரே ஆய்வாளர். மறந்துவிட்டுப் போன கறுப்புக் கண்ணாடிக்காகத் திரும்பி வந்திருந்தாள்.

முக்காலியைப் பார்த்தாள். குந்தியா அக்காவின் கையிலிருந்த பட்டையைப் பார்த்தாள். என் விரல்களைப் பார்த்தாள். வரிசையில் ஒரு தையல் இயந்திரமும் ஓடவில்லை.

என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பதில் சரியான நேரத்துக்கு வந்தது.

“அக்கா, கை மரத்துப்போச்சு.”

ஆய்வாளர் குனிந்து கத்தரியை எடுத்தாள். என் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.